கறி தின்னாத பாய்க்கு வீடு இல்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்குச் செய்யூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலை. கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியும் மனைவி செங்கல்பட்டில் அவள் அம்மா வீட்டில். நான் வகுப்பறை பெஞ்சில். ஒரு வீடு கிடைத்தால் அழைத்து வந்துவிடலாம். தலையில் தொப்பியோடு தெருத்தெருவாக அலைந்தேன். "பாய்க்குக் குடுத்தா வூடெல்லாம் கறி நாத்தம் அடிக்குமே" என்று மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் கறியே தின்னமாட்டேன். சின்ன வயதிலிருந்து அந்த வாசனை எனக்குக் குமட்டும். பக்ரீத் அன்றுகூட ரசம்சோறுதான்.

நான்காவது வீட்டுக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்தார். சுத்த சைவம் என்று பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டேன். அவர் கேட்பதற்கு முன்பே, "ஐயா, கறிய நான் தொடவே மாட்டேன். நம்ம அடுப்புலயும் ஏறாது" என்றேன்.

மனிதர் முகம் தொங்கிப் போயிற்று. "வூடு காலி இல்ல பாய்" என்று உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டை போட்டவன் புத்தியே இவ்வளவுதான் என்று டீக்கடையில் போய்க் கத்தினேன்.

டீக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா பாய் நீ! அவரு சம்சாரம் வூட்டுக்குள்ள முட்டகூட வுடாது. பாய் யாருனா குடிவந்தா கிண்ணத்துல கறி வரும்னு ரெண்டு வருசமா அந்த வூட்ட பூட்டி வெச்சிகினு கீறாரு. அவர் வாயில மண்ணப் போட்டுட்டியே!"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைப் பார்த்தால் மனைவி வரமாட்டாள். திரும்ப ஓடினேன்.

"ஐயா, கொஞ்சம் முன்னால சொன்னது பொய். வெள்ளிக்கிழமை தவறாம கறிதான்."

"அதானே பார்த்தேன்! கறி துன்னாத பாய் எங்கனா கீறானா?" என்று சாவியை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கெழம வேணாம், நான் விரதம். ஞாயித்துக்கெழம வெச்சிக்க."

மனைவி வந்து சேர்ந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முதல் ஞாயிறு வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்து, என் மனைவி ஆக்கிய கறியை எலும்பு எலும்பாக உறிஞ்சினார். எதிரே நான் ரசம்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"இன்னிக்கு வயிறு சரியில்லையா பாய்?" என்றார்.

ஆமாம் என்றேன். அந்த வீட்டில் மூன்று வருஷம் இருந்தோம். ஞாயிறுதோறும் எனக்கு வயிறு சரியில்லை. ஒருமுறைகூட அவருக்குச் சந்தேகம் வரவில்லை.