இமயத்தில் காளை வாங்கிய அடி

கோச்சடைக்காரர்களுக்கு ஆறு என்றால் மணல். வைகையில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் அதில்தான் நடை, சண்டை, ஊற்று தோண்டிக் குடிநீர். அந்தப் பழக்கத்தோடுதான் காளையும் அவன் மைத்துனன் உக்கிரபாண்டியும் 1936இல் இமயமலைக்குப் போனார்கள். பட்டாளத்துக்கு ரோடு போடும் கூலி வேலை.

தேவதாரு மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு. கீழே ஓயாமல் இரையும் ஆறு. ஒருநாள் காலையில் அந்த இரைச்சல் நின்றது. மேலே எங்கோ மலை சரிந்து ஆற்றை அடைத்தது பிறகுதான் தெரிந்தது. ஊர்க்காரர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.

"தண்ணி இல்லாத ஆத்தப் பாத்து ஓடுறாய்ங்க! நம்மூருக்கு வந்தா என்ன செய்வாய்ங்க மச்சான்?" என்று சிரித்தான் உக்கிரபாண்டி. இருவரும் இறங்கினார்கள். பாறைக்குழிகளில் மீன்கள் துள்ளின.

மேட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். கத்தினாள், புரியவில்லை. காளையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், உதறினான். சட்டென்று ஒரு கல்லை எடுத்து அவன் நெற்றியில் ஓங்கி அடித்துவிட்டு மேலே ஓடினாள். கண்ணை மறைத்த ரத்தத்தோடு காளை அவளைத் துரத்தினான்.

"பொம்பளகிட்ட அடி வாங்கிட்டியே மச்சான்!" கீழிருந்து உக்கிரபாண்டியின் குரல். காளை திரும்பவில்லை.

அவள் சடையைப் பிடித்துக் கையை ஓங்கியபோது பள்ளத்தாக்கே உறுமியது. மரமும் பாறையும் சேறும் மாடுகளுமாக ஒரு சுவர் பாய்ந்து வந்தது. மைத்துனன் நின்ற இடம் போயிற்று. அவள் வீடும் போயிற்று.

மூன்று மாதம் உடலைத் தேடினான். தேடாத வேளையில் அந்த ஊரோடு சேர்ந்து கல் சுமந்தான். ஆற்றைவிட்டு எட்ட, மேட்டில் வீடுகள் எழுந்தன. அவள் வீட்டுச் சுவரில் பாதி இவன் அடுக்கியது. அவள் கொடுக்கும் ரொட்டியை முகம் பார்க்காமல் வாங்கிக்கொள்வான்.

ஆறு கொண்டுபோய்விட்டது என்று மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் ஊர் வந்து சேர்ந்தான். உக்கிரபாண்டியைப் பெற்றவள், மாமியார் ராக்கம்மாள், அவன் நெற்றித் தழும்பைப் பார்த்தாள்.

"இது ஆரு அடிச்சது?"

எல்லாவற்றையும் சொன்னான். திரும்பிப் பார்க்காமல் ஓடியதையும்.

மூலையில் கிடந்த உலக்கையை எடுத்தாள் ராக்கம்மாள். தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது. குறுக்கே பாய்ந்த மனைவி மலையம்மாளை, "விடு, அத்தை அடிக்கட்டும்" என்று தள்ளினான் காளை. கை ஓய்ந்த பிறகு ராக்கம்மாள் தரையில் உட்கார்ந்து கேட்டாள்:

"அந்த மகராசிக்கு இன்னொரு கல்லு கெடைக்கலயாடா?"

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஊரே மணலில் நிற்கும். காளை மட்டும் கரையைவிட்டு இறங்கமாட்டான்.