ஒன்பதாம் நாள் விழும் பொருக்கு

என் புருவங்கள் இரண்டும் பிறந்ததிலிருந்தே ஒட்டிக்கொண்டவை. அப்பாவுக்கு அப்படி, அண்ணனுக்கு அப்படி, எனக்கும் அப்படி. கூட்டுப் புருவக்காரி போகிற வீட்டில் மாமியாருக்கு ஆகாது என்று அத்தை ஒருத்தி எங்கள் மலைக்கிராமமான கவுஞ்சி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "அப்ப நல்லதுதான்" என்று அம்மா ஒரே பேச்சில் அவள் வாயை அடைத்தாள். அதற்குமேல் அந்தப் புருவத்தால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. ஊரில் எங்களுக்குப் பூண்டு விவசாயம், பூண்டுக்குப் புருவத்தைப் பற்றிக் கவலை கிடையாது.

கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வந்தது வினை. ஹவுஸ்கீப்பிங். மூன்று வருடம் அடுத்தவர் படுத்த விரிப்பை மாற்றினேன், அடுத்தவர் குளித்த அறையைக் கழுவினேன். அந்த வருடம் சீசனுக்கு முன்னால் ரிசப்ஷனில் ஓர் இடம் காலியானது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பதினைந்து நாள் கழித்து வரும் சனிக்கிழமை ஒரு நாள் முழுக்க ரிசப்ஷனில் நின்று காட்டச் சொன்னார். சரியாக இருந்தால் இடம் எனக்கு. கதவுவரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, "அந்த நடுவுல மட்டும் கொஞ்சம் க்ளீன் பண்ணிக்கம்மா" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாளியும் துடைப்பமுமாக வராந்தாவில் போகும்போது எதிரே வருபவர்கள் நம்மைப் பார்ப்பதே இல்லை. ரிசப்ஷனில் நிற்பவளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அது போதும் என்றிருந்தது.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என்னோடு ஒரே வாடகை அறையில் இருந்தவள் அந்த ரிசப்ஷனில் நாலு வருடமாக நின்றவள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கொடைக்கானல்காரி, மிஷன் பள்ளியில் படித்தவள், ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், 'அவங்க' என்றுதான் பேசுவேன். இப்போது எழுதும்போது 'அவள்' என்று வருகிறது. வரட்டும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். எனக்கு நிமோனியா வந்தபோது பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். ரிசப்ஷனில் பேச வேண்டிய இங்கிலீஷை, பாத்திரம் கழுவிக்கொண்டே எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். நான் கெஸ்ட் மாதிரி பேச, அவள் பதில் சொல்ல, பிறகு மாற்றிக்கொள்வோம். கூடப் பிறந்தவள் இருந்தால் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"த்ரெட்டிங் பண்ணுனா பத்து நாள்ல திரும்ப மொளச்சிரும்டி. ஒனக்கு வேற தடிச்சுப் போகுது. பெர்மனென்ட்டா எடுத்துருவோம்" என்றாள். ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த எலக்ட்ராலிசிஸ் மெஷினைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தாள். பேனா மாதிரி ஒன்று, அதன் முனையில் மயிர்க்கனத்தில் ஊசி. இன்னொரு வயரில் விரல்நீள ஸ்டீல் குழாய். ஒன்று முதல் பத்துவரை திருகும் குமிழ். குழாயை நாம் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசியை முடியின் வேர்க்கால்வரை இறக்கிக் கரண்டு விட்டால் வேர் செத்துப்போகும், பிறகு அந்த இடத்தில் முடியே வராது. அப்படித்தான் சொன்னாள்.

"நீங்க பண்ணிப் பாத்தீங்களாக்கா?"

"யூடியூப்ல எல்லாம் பாத்துட்டேன். ஈசிதான்."

கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயில் முடிந்து வந்ததும் உட்கார்ந்தோம். சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். ரெண்டு நாளில் சிவப்பு போய்விடும் என்றாள். பிப்ரவரிக் குளிரில் என் கை காய்ந்து, உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குழாயைப் பிடித்தேன். ஊசியை இறக்கினாள். ஒன்றும் தெரியவில்லை. குமிழை மூன்றில் வைத்தாள், ஐந்தில் வைத்தாள், எட்டுக்குப் போனாள். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. முடியை இழுத்துப் பார்த்தால் அசையாமல் அப்படியே இருந்தது.

"கை வறண்டு கெடக்குடி, அதான் கரண்டு ஏறல" என்று வெந்நீரில் உப்புப் போட்டுத் துணியை நனைத்துக் குழாயில் சுற்றிக் கொடுத்தாள். கதகதப்பாக, சுகமாக இருந்தது. எட்டில் இருந்த குமிழை யாரும் குறைக்கவில்லை.

அடுத்த ஊசிக்கு நெற்றிக்குள் கொள்ளியைச் செருகியது போல எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எரியுதுக்கா" என்றேன். "பொறு, வேர் வரைக்கும் போகணும்ல." முடி வெண்ணெயில் இருந்து வருவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு உற்சாகம். ஒன்பது ஊசி. அவ்வளவு நேரம் நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். எழுந்தால் அவள் மனசு சங்கடப்படும் என்று உட்கார்ந்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கும் நான்தான், களிமண்ணும் நான்தான்.

சாயங்காலத்துக்குள் புருவ நடு வீங்கி, இமைவரை இறங்கிவிட்டது. நீர் கோத்த கொப்புளங்கள். நான் அழுதேன். அவள் பதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நாளைக்குத் தண்ணி வடியும். நாலாம் நாள் கறுத்துப் பொருக்குத் தட்டும், அப்பத்தான் அரிப்பெடுக்கும், சொறியாத. ஒம்பதாம் நாள் தானா விழுந்துரும்."

எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. நாட்காட்டி மாதிரி நடந்தது. மறுநாள் தண்ணீர் வடிந்தது. நாலாம் நாள் கறுத்தது, அரித்தது. பார்த்தாயா, அக்கா சொன்ன மாதிரியே ஆகிறது, எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணிருந்தும் குருடி.

சனிக்கிழமை வந்தபோது பொருக்கு நன்றாக முற்றியிருந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவே கருப்பாக, காய்ந்த புளியங்கொட்டை அகலத்துக்கு. மறைக்கலாம் என்று மேலே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். பத்து நிமிடத்தில் ஓரத்தில் சீழ் கசிந்து பொட்டு நழுவியது. ரிசப்ஷனில் ஒரு மணிநேரம் நின்றேன். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாள் என் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தன் குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மேனேஜர் கோபப்படவில்லை. என்னைப் பின்னால் இருக்கும் புக்கிங் அறைக்கு அனுப்பி, போன் எடுக்கச் சொன்னார். ரிசப்ஷன் இடம் வேறு பெண்ணுக்குப் போனது.

ஒன்பதாம் நாள் காலையில் முகம் கழுவும்போது பொருக்கு கையோடு வந்தது. அடியில் சின்னச் சின்னக் குழிகள், வெளுத்துப்போய். இடது புருவத்தின் தொடக்கத்தில் முடி இருந்த இடமே தெரியவில்லை. அன்றைக்கே அவள் லீவு போட்டுவிட்டு என்னை வத்தலக்குண்டுக்குத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

பஸ் கீழே இறங்க இறங்க எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது குல்லாயோடு ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். அடுப்பு மாதிரி வெயில். அவளும் ஸ்வெட்டரைக் கழற்றினாள். கழுத்திலிருந்து தாடைவரை சுற்றியிருந்த மப்ளரை மட்டும் கழற்றவில்லை. கன்னத்தில் வேர்வை வழிந்தது.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "கரண்டு அந்த வேர்க்கால்ல காரத்தை உண்டாக்கும். சுண்ணாம்பு வெந்த மாதிரி சதை வெந்துருக்கு. கண்ணு தப்பிச்சது பெருசு. யாரு பண்ணுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "அவளே பண்ணிக்கிட்டா டாக்டர். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

டாக்டர் என்னைத் திட்டினார். ஆறும்வரை பொட்டு ஒட்டக்கூடாது, குழி அப்படியேதான் இருக்கும், முடி திரும்ப வருமா என்று சொல்ல முடியாது என்றார். நான் தலையை ஆட்டினேன். அதற்குமேல் டாக்டர் குரல் காதில் விழவில்லை. நாலாம் நாள், ஒன்பதாம் நாள் என்று அவள் சொன்ன கணக்குத்தான் ஓடியது. யூடியூபில் யார் பொருக்கு விழும் நாளைச் சொல்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

"மப்ளரக் கழத்துங்கக்கா."

"சளிடி."

"கழத்துங்க."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கழற்றினாள். தாடைக்குக் கீழே நாலைந்து குழிகள், என்னுடையதைப் போலவே வெளுத்தவை. அவளுக்குத் தாடையில் முடி வளரும். எனக்குத் தெரிந்தும் நான் பார்க்காதது போலவே இருந்த விஷயம் அது. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது செய்து பார்த்துவிட்டு, அன்றிலிருந்து மப்ளரோடே இருந்திருக்கிறாள்.

"மெசினு கோளாறா, ஏந் தோலுதான் சரியில்லையான்னு தெரியணும்ல" என்றாள். "தோலுன்னா விட்டுறலாம். மெசினுன்னா வேற வாங்கலாம்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். ஊரார் வீட்டு நெற்றி இன்னும் மலிவு போலிருக்கிறது.

"கைல பாத்திருக்கலாம்ல, கால்ல பாத்திருக்கலாம்ல?"

"மூஞ்சித் தோலு வேறடி." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போலத் தாழ்ந்த குரலில், "ஒனக்கென்ன, ஆறுனதும் ஒரு பொட்ட வச்சா மறஞ்சிரும். நாங்க பொட்டும் வைக்க மாட்டோம், வச்சாலும் நாடியிலயா வைக்க முடியும்?" என்றாள்.

அதுவரை என் மனசில் அது விபத்துதான். குமிழைக் குறைக்க மறந்துவிட்டாள், பயத்தில் டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டாள் என்று அவள் சார்பில் நானே பேசிக்கொண்டிருந்தேன். பொட்டு என்று அவள் சொன்னதும் அதெல்லாம் நின்றுபோனது. எனக்கு வெந்தால் எதை வைத்து மறைப்பது என்பதுவரை, ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே யோசித்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. சர்பத் டம்ளரை மேசையில் வைத்தேன், பாதி சிந்தியது.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லக்கா."

"சொல்லிருந்தா ஒக்காந்திருப்பியா?"

மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. அவள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்தாள். நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன், அந்த வாரமே வேறு அறை பார்த்துக்கொண்டேன். அவள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்திருப்பேன். எல்லாவற்றையும் சொல்லி, தாடையைக் காட்டி, எனக்காக ஒரே ஒரு ஊசி தாங்கிக்கொள்வாயா என்று கேட்டிருந்தாலும் நான் உட்கார்ந்திருப்பேன்.