என் உயிலுக்கு இரண்டு சாட்சிகள்

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. மனைவி காலமான பின், செஞ்சியில் உள்ள என் வீட்டை, முப்பத்திரண்டு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அநாதை இல்லத்துக்கு உயில் எழுதினேன், பதிவு செய்யவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பர்களில் ஒருவருக்கு எழுபத்தொன்று, மற்றவருக்கு எழுபத்து நான்கு வயது.

சென்ற ஆண்டு ஒருவர் போனார். இந்த மாசியில் வல்லத்தில் மற்றவரையும் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினேன். அழுகை வரவில்லை. பஸ்ஸில், உயிலை எழுதிக்கொடுத்த பத்திர எழுத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா பெரியவரே, சாட்சி ரெண்டு பேரும் போயிட்டாங்களே! உங்க அண்ணன் புள்ளைங்க நாளைக்கு இது பொய்க் கையெழுத்துன்னு கோர்ட்டுக்குப் போனா, நீங்களா எழுந்து வந்து சொல்லுவீங்க?"

மறுநாளே புதிய உயில் எழுதிப் பதிவு செய்தேன். இப்போதைய சாட்சிகள் இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வருகிறேன்.