ஓட்டை ரொட்டியும் கம்பெனி வேனும்

பேகல் என்பது வெந்நீரில் குளித்துவிட்டு அடுப்புக்குள் போகிற ரொட்டி. அதைச் செய்கிறவர் அடுப்புக்கு வெளியே வியர்வையில் குளிப்பவர். வீட்டுச் சமையலறையில் தொழில் நடத்தும் என் இனத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வடை மாதிரி நடுவில் ஓட்டை, பரோட்டா மாவை விடப் பிடிவாதமான மாவு, கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு, மேலே எள்ளோ பூண்டோ தூவி ஓவனில் ஒரு வேக்காடு. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் தோள்பட்டை கழன்றுவிடும்.

ஆரோவில் பக்கம் ஒரு பேக்கரியில் இதைக் கற்றுக்கொண்டேன். அந்தக் கடை மூடியதும் மரக்காணத்தில் எங்கள் வீட்டிலேயே ஆரம்பித்தேன். என் கணவர் அருள் உப்பு லாரி ஓட்டுகிறார். நல்ல மனுஷர், ஆனால் கெடு வைக்கிறவர். "சித்திரை பொறக்கறதுக்குள்ள நெலையா ஒரு ஆர்டர் புடி. இல்லன்னா ஷூ கம்பெனி வேன்ல ஏறிடு" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அந்த வேனில் வேலைக்குப் போய் வந்தவள் நான். விடிவதற்குள் ஏறி, இருட்டிய பிறகு இறங்க வேண்டும். அதன் ஹாரன் கேட்டால் இன்றைக்கும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். எப்படியாவது அதில் ஏறாமல் தப்பிக்க வேண்டும் என்பதுதான் என் வியாபாரத்தின் ஒரே லட்சியம்.

முதல் போணி

முதல் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டு தனம் அக்கா. எள்ளு போட்டது ஒன்று, பூண்டு போட்டது ஒன்று என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டி, சமையலறையைப் பார்த்தார்.

வெந்நீரில் போடுவது ஏன், ஓவனில் வைப்பது ஏன் என்று நான் மூச்சு வாங்க விளக்கிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் சரி, நடுவுல தோண்டி எடுத்த மாவு எங்க? காசு குடுக்கறோம் இல்ல, அதையும் போட்டு குடு."

கேன் தண்ணீர் வராத நாள்

எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். குளித்துவிட்டு வந்தால் உப்பில் உடம்பு பிசுபிசுக்கும். அதனால் மாவு பிசைவதற்கும் பேகல் முக்குவதற்கும் கேன் தண்ணீர்தான். ஒரு நாள் கேன் போடுகிறவர் வரவில்லை. ஊறிக்கொண்டிருந்த ஈஸ்ட் எனக்காகக் காத்திருக்குமா? போர் தண்ணீரிலேயே பிசைந்தேன், கொதிக்க வைத்தேன், முக்கினேன். பழக்க தோஷத்தில் மாவுக்கு வழக்கமான உப்பையும் போட்டுத் தொலைத்தேன். அது போதாதென்று, பார்க்க அழகாக இருக்குமே என்று மேலே கல்லுப்பையும் தூவினேன்.

நிறமென்றால் அப்படியொரு நிறம். லோடு இறக்கிவிட்டு வந்த அருள் பசியோடு ஒன்றைக் கடித்தார். மென்று முடிக்காமலே எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து சொன்னார்: "நான் லாரில ஏத்தறது பத்தலன்னு நீ வேற வூட்டுக்குள்ள உப்பு பாத்தி கட்டறியா?"

பூனையின் தீர்ப்பு

அனுமந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் சரோஜாக்கா ஒரு பை நெத்திலிக் கருவாட்டை நீட்டி, "பூண்டு, எள்ளுன்னு என்னாத்தையோ போடறியே, இத பொடிச்சிப் போடு" என்றார். போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பிரமாதம். ஆறவிடாமல் நானே இரண்டு தின்றேன்.

வாசனைக்கு வெளியே போகத் தெரியவில்லை என்பதுதான் வினை. அடுத்து அதே ஓவனில் ஒரு பிறந்தநாளுக்காக பட்டையும் உலர்திராட்சையும் போட்ட இனிப்பு பேகல் வெந்தது. கிளியனூருக்கு அனுப்பினேன். மாலையில் பிள்ளையின் அப்பா போன் செய்தார். கோபமே இல்லாத, நிஜமாகவே குழம்பிப்போன குரல். "ஏங்க, ஸ்வீட்டுன்னுதான குடுத்தீங்க? எங்க வூட்டு பூனை டப்பாவ வுட்டு நகர மாட்டேங்குதுங்க."

கஃபே மேடம்

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கஃபேயிலிருந்து சாம்பிள் கேட்டார்கள். பிடித்தால் தினமும் ஆர்டர். ஓவனை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, கேன் தண்ணீரை முந்தின நாளே வாங்கி, உப்பை இரண்டு தடவை நாக்கில் வைத்துப் பார்த்துச் செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான பேகலை நான் சுட்டதில்லை.

மேடம் பாதியாக வெட்டி, சீஸும் சாஸும் வைத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். எனக்கு உள்ளே குலவை கேட்டது. அதற்குள் ஓட்டை வழியாக சாஸ் இறங்கி அவர் சட்டையில் ஒழுகிவிட்டது. துடைத்துக்கொண்டே, "டேஸ்ட்டு சூப்பருங்க. ஆனா சாண்ட்விச்சுக்கு சரி வராதே. ஓட்டை இல்லாம செஞ்சு தர்றீங்களா?" என்றார். ஓட்டை இல்லாவிட்டால் அதற்குப் பெயர் பன் மேடம் என்றேன். அவர் இன்னொரு டிஷ்யூவை எடுத்தார். "பன்னுன்னா எங்களுக்குப் பாண்டிலேர்ந்தே வருதே."

ஹாரன்

வீடு வரைக்கும் அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. அருள் காலண்டரைப் புரட்டிப் பார்த்தார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சித்திரை பிறந்தது. மிச்சமிருந்த மைதா வண்டு பிடித்துவிடுமே என்று வெங்காயமும் கறிவேப்பிலைப் பொடியும் போட்டு முந்தின சாயந்திரம் சுட்டதை ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

திண்டிவனம் போகிற ரோட்டில் அந்த வேன் குலுங்குகிற குலுக்கலில் யாராலும் சோற்று டப்பாவைத் திறந்து சாப்பிட முடியாது. ஒரு கை கம்பியைப் பிடித்தே ஆக வேண்டும். பக்கத்து சீட்டு மேரிக்கு ஒன்று கொடுத்தேன். குழம்பு ஒழுகவில்லை, தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை, ஒரே கையில் பிடித்து மென்று முடிப்பதற்குள் கம்பெனி வாசலே வந்துவிட்டது. மறுநாள் மேரி தன் காசில் கேட்டாள். அந்த வாரமே முன் சீட்டு கேட்டது, பிறகு பின் சீட்டு கேட்டது. ஷிஃப்ட் முடித்து வந்து மாவு பிசைவதும், மறுநாள் தையல் மிஷினில் தூங்கி வழிவதுமாக என் பிழைப்பு நாறியது. ஆர்டரை நிறுத்திவிடலாம் என்று நினைத்த காலையில், டிரைவர் முருகன் என் மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஏறப்போன என்னைக் கையால் மறித்தார். "நீ எதுக்குக்கா ஏறிக்கினு? ரொட்டிய மட்டும் ஏத்திவுடு, நான் குடுத்துட்டு காசு வாங்கியாறேன். உன் சீட்டுல இன்னொரு கஸ்டமர் உக்காரட்டும்."

ஆக, அந்த வேனில் நான் ஏறக்கூடாது என்று ஆரம்பித்த தொழிலில், இப்போது தினமும் விடிவதற்குள் எனக்குப் பதிலாக என் பேகல்கள் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.