இறுக்க இறுக்க நிற்காத ஹேண்ட்பிரேக்

என் மனைவி காரைத் தொடாமல் இருந்தது ஒரு மாதத்துக்கும் மேல். கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருடமாகத் தானே ஓட்டிப்போய் வந்த டீச்சர், பஸ்ஸில் தொங்க ஆரம்பித்தாள். காரணம் ரயில்வே மேம்பாலம். ஏற்றத்தில் நெரிசல். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்திருக்கிறாள். கார் மெல்லப் பின்னால் நகர்ந்து ஒரு மொபெட்டின் முன்சக்கரத்தில் முட்டிவிட்டது. மொபெட்டில் முன்னால் நின்றிருந்த குழந்தை பயந்து அழுததோடு சரி. ஆனால் இவள் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அது நிக்கும்னு எனக்கா நம்பிக்கை வர்ற வரைக்கும் ஓட்ட மாட்டேங்க" என்றாள்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பின்சக்கர பிரேக் ட்ரம்மைக் கழற்றிப் பார்த்தார். "உள்ள பிரேக் ஷூ தேஞ்சிருக்கு சார். புதுசு போட்டு, கேபிளைக் கொஞ்சம் இழுத்து வுட்டா தீந்துச்சு. அரை நாள் வேலை."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்க வேண்டும். எனக்குத்தான் செல்போன் வாத்தியார் இருக்கிறாரே! ஒரு வாரமாக வீடியோ பார்த்து வைத்திருந்தேன். "அண்ணா, ட்ரம்மை எடுத்துட்டுப் பின்னாடியும் டிஸ்க் பிரேக் போட்டுடலாம்" என்றேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கையில வெண்ணெய வச்சிக்கினு நெய்க்கு அலையறீங்க. தலைவலிக்கு மாத்திரை கேட்டா தலையவே மாத்தணும்ன்றீங்களே சார்."

அழகாகத்தான் சொன்னார். ரசித்துச் சிரித்தேன், கேட்கவில்லை. இதே காரின் விலை கூடிய வகைக்குப் பின்னாலும் டிஸ்க்தான் என்பதால், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் அந்த செட்டைப் பிடித்தோம். இரண்டு டிஸ்க், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிபர், தாங்கும் தகடுகள். எல்லாம் சமத்தாக உட்கார்ந்தன. ஹேண்ட்பிரேக் கேபிள் மட்டும் முரண்டு பிடித்தது. ட்ரம்முக்கான கேபிளின் முனை காலிபரில் மாட்டாது. நீளமும் ஒரு சாண் கம்மி. சரியான கேபிளுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். முதலில் வந்த ஜோடியில் இரண்டுமே இடதுபக்கத்துக் கேபிள். திருப்பி அனுப்பினோம்.

அதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் கிரிவலக் கூட்டம், காலி இடமெல்லாம் வண்டி நிறுத்தம். மெக்கானிக்கின் பட்டறையும் அப்படித்தான். கயிறு கட்டி, சீட்டுப் புத்தகத்தோடு அவரே வாசலில் உட்கார்ந்துவிட்டார். என் கார் பின்சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டின் மேல் நிற்க, சுற்றிலும் வெளியூர் வேன்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் பானெட்டிலிருந்து கூரை வரை ஈர வேட்டி, துண்டு, ஒரு பாவாடை.

"அண்ணா, என்னண்ணா இது?"

"காயட்டும் சார். உங்க வண்டி எங்க ஓடப்போவுது?"

ஒருவழியாகச் சரியான கேபிள் வந்து மாட்டினோம். கால் பிரேக் கத்தி மாதிரி பிடித்தது. ஹேண்ட்பிரேக்? பட்டறை வாசல் சரிவில் நிறுத்தி இழுத்தோம். கார் மரியாதையாகக் கீழே இறங்கியது. கேபிள் நட்டை இரண்டு சுற்று இறுக்கினார். இறங்கியது. நான்கு சுற்று. இறங்கியது. மூன்று நாள் இதே கூத்து. லீவர் கடக் கடக்கென்று இரண்டே பல் ஏறிக் கல்லாக நின்றுவிடும், கார் மட்டும் நிற்காது. கடைசியில் நட்டுக்கு மரையே மிச்சமில்லை.

"வீடியோல நின்னுச்சேண்ணா."

"அப்ப அந்த வீடியோக்காரனையே கூப்புடுங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

வீட்டிலோ அவள் எதுவும் கேட்பதில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. ஒருநாள் மட்டும், "கண்டக்டர் இப்பல்லாம் எங்கன்னு கேக்காமயே டிக்கெட் கிழிச்சிடறாருங்க" என்றாள். 'பாதி தெரிஞ்சவன் வீட்ல பாத்திரம் ஜாஸ்தி உடையும்' என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

நான்காம் நாள் நானே காருக்கு அடியில் படுத்தேன். காலிபரின் முதுகில் ஒரு சின்னக் கை இருக்கிறது, கேபிள் இழுப்பது அதைத்தான்.

"லீவரை எறக்குங்கண்ணா."

"எறக்கிட்டேன்."

"இல்லண்ணா, இங்க கை பாதியிலயே நிக்குது."

"லீவர் கீழதான் சார் இருக்குது! நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அவரும் பக்கத்தில் வந்து படுத்தார். இருவரும் அதையே பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தக் கை முழுசாகப் பின்னால் வந்து உட்கார்ந்தால்தான், கால் பிரேக்கை மிதிக்கும்போது காலிபர் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு பிரேக் கட்டையை டிஸ்க்குக்குப் பக்கத்தில் கொண்டுவரும். நாங்கள் கேபிளை இறுக்கி இறுக்கி அதை உட்காரவே விடவில்லை. ட்ரம்மில் பிடிக்கவில்லை என்றால் இறுக்க வேண்டும். இங்கே அந்த வைத்தியமே நோய்.

"முழுசா லூஸ் பண்ணிடுங்கண்ணா."

"லூஸ் பண்ணா நிக்குமா? யார்னா கேட்டா சிரிப்பாங்க சார்." முனகிக்கொண்டே தளர்த்தினார். இன்ஜினை ஓடவிட்டுக் கால் வலிக்கும்வரை பிரேக்கை மிதித்தேன். பிறகு கேபிளின் தொய்வை மட்டும் எடுத்தார். லீவர் ஆறு பல் ஏறியது. சரிவில் கார் நின்றது. "முப்பது வருசமா இறுக்கியே பழகின கை சார் இது" என்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளை மேம்பாலத்துக்கு அழைத்துப் போனேன். ஏற்றத்தின் நடுவே ஓரமாக நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். காலை எடுக்கவில்லை.

"எடும்மா, நிக்கும்."

"நீங்க பேசாதீங்க."

பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "யம்மா, கொலு வச்சிருக்கியா? எடும்மா!"

எடுத்துவிட்டாள், காலை அல்ல, காரை. பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்து மறுபடி ஏறினாள். மறுபடி காலை எடுக்கவில்லை. மூன்றாவது முறை நான் காலிபரைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பாலத்தின் அடியில் ஓரம் கட்டி, "எறங்குங்க" என்றாள். இறங்கினேன்.

தனியாக ஏறினாள். பாதி ஏற்றத்தில் கார் நின்றது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. ரொம்ப நேரம் எரிந்தன. பிறகு அணைந்தன. காலை எடுத்துவிட்டாள். கார் அசையவில்லை. நான் ஏழு எண்ணினேன், எட்டு எண்ணினேன். அப்புறம் அவள் கிளம்பி மேட்டைத் தாண்டி மறைந்தாள். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.

"எங்க போயிட்ட?"

"ஸ்கூல் வரைக்கும்" என்றாள்.