போகமாட்டேன் என்கிற வேஷம்

நாங்கள் நான்கு பேர் ஒரு நாடகத்தைத் தூக்கிக்கொண்டு ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கெல்லாம் அலைந்தோம். எழுதி இயக்கியவர் பதுளையில் படிப்பித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர். எங்களுக்கு அவர் ‘சேர்’. கதை பெரிய கதையல்ல. படிக்கிற மகளைக் கொழுந்து பறிக்கப் போகச்சொல்லித் தாய் கத்துவாள். தகப்பன் குடித்துவிட்டு வந்து ஆடுவான். மகள், “மலைக்குப் போகமாட்டேன், படிக்கத்தான் போவேன்” என்பாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்த மகள் நான்.

அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கும். உயர்தர வகுப்பு முடித்துவிட்டு, இன்று வரும் நாளை வரும் என்று ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவளுக்கு வேறு யார் கைதட்டப் போகிறார்கள்? ஆனால் பஸ்ஸில் நசுங்கி, ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்டம் கொடுத்த வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தால் அங்கே வேறு கதை ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற ஆள் அவள் ஒருத்திதான். அவள் வேலையிலிருந்து நின்றால் இன்னொருவர் பேர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள். வேலையை மேற்பார்க்கிற கங்காணி வந்து வாசலிலேயே நின்று, தலையைச் சொறிந்தபடி இதைச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் பாவம். அந்த வீட்டில் மிச்சம் இருந்தவள் நான் மட்டும்தான்.

அம்மா என்னை வேலைக்குப் போ என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட எனக்கு வசனம் மனப்பாடம். அவளோ, நீ படித்த பிள்ளை, வேலை வரும், இந்த வீட்டை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்பாள். பிறகு முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்கு ஏறுவாள். அந்தக் காலைப் பார்த்தாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

சேருடைய நாடகத்துக்கு ஒரு முறை இருந்தது. தாயும் மகளும் சண்டை போடும் இடத்தில் நாடகத்தை நிறுத்திவிடுவார். பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளில் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கி, ஒரு நடிகரைக் கீழே இறக்கிவிட்டு, அந்த வேஷத்தைத் தானே தொடரலாம். பையன்கள் எல்லா இடத்திலும் குடிகாரத் தகப்பனுக்குத்தான் அடித்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் தள்ளாடுகிற தள்ளாட்டத்தில் கூரைத் தகரம் பறக்கும். விழிப்புணர்வு எங்கே போனது என்று சேர் தலையில் கைவைப்பார். பெண்பிள்ளைகள் என் வேஷத்தைக் கேட்பார்கள். கத்துகிற தாயாக வர ஒருத்தியும் ஆசைப்பட்டதில்லை.

அன்றைக்குக் கொஸ்லந்தைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம். அதிபரின் வரவேற்புரை எங்கள் நாடகத்தைவிட நீளம். ஒருவழியாக ஆரம்பித்து, சண்டையில் நிறுத்தியதும், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். நான் இறங்கத் தயாரானேன். நீங்கள் இருங்கள் அக்கா, நான் அம்மாவாக வருகிறேன் என்றாள்.

அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிவிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ போ புள்ள. போய் படி. எங்களுக்கு என்ன, எங்கயாவது இருந்துக்குவோம்.”

போகமாட்டேன் என்று யாரிடம் சொல்வது? இவள் என்னை மலைக்குப் போகச்சொல்லிக் கேட்கவில்லையே. சேர் ஓரத்தில் நின்று, பேசு பேசு என்று கையைக் காட்டினார். எந்தப் பக்கம் இறங்கி ஓடுவது என்று பார்த்தேன். நான்கு பக்கமும் பிள்ளைகள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் இன்னும் முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ இரும்மா,” என்றேன். “நான் பேர் குடுக்குறேன்.”

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் மட்டும், இது தெரிந்த விஷயம்தானே என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது சேருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நல்லாச் செய்தனீர் பிள்ளை. இனி இதையும் ஒரு முடிவா வச்சுப் பிள்ளையளோட கதைப்பம்,” என்றார். நல்ல மனிதர்தான். யாழ்ப்பாணத்தில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, யாரும் வந்து திருப்பிக் கேட்க மாட்டார்கள். அவரைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அதே தேயிலைதான்.

திங்கட்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கப் போகிறேன் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அவள் குதிப்பாள், அழுவாள், இதற்கா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கேட்பாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை தடுத்திருந்தால் போதும், நான் நின்றிருப்பேன்.

அம்மா எழுந்து போய், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற தன்னுடைய படங்கை ஆணியிலிருந்து எடுத்து உதறினாள். என்னைக் கிட்டே இழுத்து, என் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“இறுக்கமா இருக்கா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எவ்வளவு முயன்றும் அவளால் அதை மறைக்க முடியவில்லை.