பத்து லீற்றர் தண்ணீரும் ஒரு வான்கோழியும்

போன கிழமை சுரங்க ரயிலில் எனக்கு முன்னால் ஒரு பெண் மடியில் பெரிய தண்ணீர்ப் போத்தலோடு இருந்தாள். போத்தலின் பக்கத்தில் கோடுகள் போட்டு, ஒன்பது மணிக்கு இவ்வளவு, பதினொரு மணிக்கு இவ்வளவு குடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவளும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் குடித்தாள். லண்டனில் இப்போது எல்லாரும் கையில் தண்ணீரோடுதான் திரிகிறார்கள். அடுத்த ஸ்டேஷனில் பாலைவனம் தொடங்குகிறதாக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? இந்த நாட்டில் பத்து லீற்றர் தண்ணீரைச் சேற்றுக்குள்ளால் தூக்கிக்கொண்டு வான்கோழி வேட்டைக்குப் போனவன் நான்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. லண்டன் ஓரத்தில், குட்மேய்ஸில் செல்வம் அண்ணையின் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தேன். அண்ணை குழாய் வேலைக்காரர். பதினெட்டு வருசம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, மகள் சிந்து இங்கிலீஷில் படிக்க வேண்டுமென்று குடும்பத்தோடு இங்கே வந்தவர். பிள்ளையின் படிப்புக்காக நாடு மாறிய தகப்பன்மாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாறியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சிந்துவிடமும் ஒருவரும் கேட்கவில்லை. பதினாறு வயதில் சிநேகிதிகளை விட்டுவிட்டு வந்தவள், பதினெட்டு முடிந்ததும் ஜெர்மனியில் பெரியம்மா வீட்டிலிருந்து படிக்கப் போகிறேன் என்று விமான ரிக்கற்றையும் எடுத்துவிட்டாள். அண்ணை கத்தினார். அவளும் கத்தினாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைப்பதையே விட்டுவிட்டார்கள். ஆனால் போகிற நாள் கிட்டும்போதெல்லாம் அவள் ரிக்கற்றைப் பின்போட்டுவிடுவாள். மூன்று தரம் அப்படிச் செய்தாள். பிள்ளை மனம் மாறுகிறாள் என்று அண்ணை நம்பினார். அவளை எப்படியாவது மறித்து வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருசம் அவருக்கு வேறு யோசனையே இல்லை.

அண்ணைக்கு வேட்டைக் கதைகள் வரும். வன்னிக் காட்டில் மாமன்மாரோடு போனது, மரை மான் அடித்தது, காயம்பட்ட பன்றி திரும்பி வந்தபோது துவக்கை இறக்காமல் நின்றது. சிந்து குழந்தையாக இருந்த காலத்தில் அந்தப் பன்றி ஓடிவராமல் அவள் நித்திரை கொள்ளமாட்டாளாம். பவானி அக்கா, அண்ணையின் மனைவி, சொல்லிச் சிரிப்பா. குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணை எனக்கும் நிறையச் சொல்லியிருக்கிறார். காட்டுக்குள் தண்ணீர் கொண்டுபோவது ஒரு கலை என்பார். கலனை வாய்முட்ட நிரப்ப வேண்டும். அரைக் கலன் என்றால் நடக்கும்போது களக் களக் என்று சத்தம் போடும், மிருகம் ஓடிவிடும். மூடிக்குக் கீழே ஒரு துணித்துண்டு வைக்க வேண்டும். வேர்வைக் கையால் பிடியைத் தொடக்கூடாது. தண்ணீர் தூக்குகிறவன் எல்லாரும் குடித்த பிறகு கடைசியாகத்தான் குடிக்க வேண்டும். இவ்வளவையும் விலாவாரியாகச் சொல்லுகிற மனிதர், துவக்கைப் பற்றி மட்டும் 'தூக்கினன், சுட்டன்' என்பதோடு முடித்துவிடுவார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் அந்த நாளில் பெரிய கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது.

அந்த வருசம் மே மாதம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவது என்ற கேள்வியே எங்களுக்கு இருக்கவில்லை. வன்னியில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பதாகையைப் பிடித்துக்கொண்டு றோட்டில் நின்றோம். மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணை பூட்டியிருந்த குழாய்களைக் கழற்றித் திரும்பவும் பூட்டினார். நான் படுத்துக் கிடந்தேன்.

நான் அப்போது மரக்கறி வான் ஓட்டினேன். மார்கழி மாதம், எசெக்ஸ் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெங்காயம் இறக்கப் போன இடத்தில், வேலியில் ஒரு தட்டி கட்டியிருந்தது. 'டேர்க்கி ஷூட், ஞாயிறு காலை, எல்லாரும் வரலாம்.' பக்கத்தில் கொழுத்த வான்கோழி ஒன்றின் படம். டேர்க்கி என்றால் வான்கோழி. ஷூட் என்றால் சுடுவது. இதற்குமேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்? வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். வெள்ளைக்காரன் நத்தார்ப் பண்டிகைக்கு வான்கோழியைக் காட்டில் அவிழ்த்துவிட்டுச் சுடுகிறான், எல்லாரும் போகலாமாம் என்று என் பங்குக்குக் காட்டையும் சேர்த்துக்கொண்டேன். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளின் அறைக் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போறன். நத்தாருக்கு என்ர கையால சுட்ட வான்கோழி." கதவு திறந்தது. பல கிழமைக்குப் பிறகு சிந்து தகப்பனைப் பார்த்துக் கதைத்தாள். "நானும் வாறன். I want to see this."

சனிக்கிழமை முழுக்க அண்ணை தண்ணீர் கொதிக்கவைத்தார். இங்கிலாந்துக் குழாய்களுக்குள் என்ன கிடக்கிறது என்று தனக்குத்தான் தெரியும் என்பது அவருடைய வாதம். ஆறவிட்டு, சூரியகாந்தி எண்ணெய் வந்த ஐந்து லீற்றர்க் கலன்கள் இரண்டில் வாய்முட்ட நிரப்பி, துணி வைத்து மூடினார். எத்தனை தரம் கழுவியும் எண்ணெய் மணம் போகவில்லை. கலன்களை யார் தூக்குவது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேட்டைக்காரன் துவக்குத் தூக்க வேண்டும். சிந்து பார்வையாளர். மிச்சம் நான்தான்.

இடம் கிட்டியதும் அண்ணை வானை அரை மைலுக்கு இப்பால் நிறுத்தச் சொன்னார். வாகனச் சத்தத்துக்கு மிருகம் கலைந்துவிடுமாம். உழுத வயல், முதல் நாள் மழை, முழங்கால் வரை சேறு. குளிரில் ஒருவருக்கும் தாகத்தின் நினைப்பே இல்லை. பிளாஸ்டிக் பிடி விரலை அறுத்தது. ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் தண்ணீர் வருகிறதே என்று அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்து மெச்சினார். அதே நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் கார்கள் வரிசையாக நேரே உள்ளே போய்க்கொண்டிருந்தன.

வாசலில் மேசை போட்டு இருந்த கிழவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். துவக்குச் சுடுகிற இடத்துக்கு மூன்று தமிழர் எண்ணெய்க் கலன்களோடு வயலுக்குள்ளால் வந்தால் யார்தான் எழும்ப மாட்டார்கள்? என்ன அது என்று கேட்டார். தண்ணீர் என்றேன். முழுவதுமா என்றார். ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு இன்னும் குழம்பிப்போனார். பிறகு மரியாதையாகச் சுவரோரம் இருந்த குழாயைக் காட்டினார். அண்ணை அதைத் தொழில்முறையில் ஒரு பார்வை பார்த்து, சரிவராது என்று தலையை ஆட்டினார்.

வான்கோழிகள் எங்கே என்று சிந்துதான் கேட்டாள். கிழவர் ஐஸ் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். கல்லுமாதிரி உறைந்த, பொலித்தீன் சுற்றிய ஒரேயொரு வான்கோழி. அது பரிசு. சுடுவது களிமண் தட்டுகளை. இயந்திரம் ஆகாயத்தில் வீசும், ஆகக் கூடுதலான தட்டு உடைக்கிறவருக்கு வான்கோழி. சிந்து அதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு தகப்பனிடம் வந்தாள். "அப்பா, it's plates. தட்டுச் சுடீனம்." நான் கலன்களை நிலத்தில் வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணை பின்வாங்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே. பழகாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். அவர் அண்ணையின் கையில் துவக்கைக் கொடுத்து, ஆயத்தமானதும் 'புல்' என்று சொல்லச் சொன்னார். இழு என்கிற அந்தச் சொல்லுக்குத்தான் இயந்திரம் தட்டை வீசும். அண்ணை என் பக்கம் திரும்பி, "புல்லு எண்டு ஏன் சொல்லச் சொல்லுறான்?" என்று மெல்லக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. உள்ளூர்ச் சம்பிரதாயமாக இருக்கும் என்றேன். அவர் மேலே பார்த்துக்கொண்டு "புல்" என்றார். செம்மஞ்சள் தட்டொன்று கிளம்பிப் போய் வயலில் விழுந்தது. இன்னொரு தரம் "புல்" என்றார். அதுவும் போய் விழுந்தது. அவருடைய விரல் அசையவில்லை.

துவக்கைப் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளிடம் வந்தார். "பிள்ளை, நான் ஒரு நாளும் துவக்குத் தூக்கினதில்லை. மாமாவையள்தான் சுடுறவை. நான் தண்ணி தூக்கினனான்."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நாளைக்கே இவள் ஜெர்மனிக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்தத் தட்டியைக் கண்ட என் கண்ணைத் தோண்டிப் போட்டால் என்ன என்றிருந்தது.

"அப்ப அந்தப் பண்டி?" என்றாள் சிந்து.

"பண்டி வந்தது உண்மை. நான் மரத்தில நிண்டனான். கலனோட."

"ஏன் பொய் சொன்னீங்கள்?"

"தண்ணி தூக்கினவன்ர கதையை நீ கேட்டிருப்பியே, அம்மா?"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். பிறகு குனிந்து ஒரு கலனைத் திறந்து மூடியில் தண்ணீர் வார்த்தாள். அண்ணை கையைக் காட்டி மறுத்தார், மற்றவர்கள் குடிக்கட்டும் என்றார். பழக்கம். "இல்லை, இண்டைக்கு நீங்கள்தான் முதல்," என்று அவர் வாயில் வைத்தே பருக்கிவிட்டாள். எண்ணெய் மணத்தோடு மனிதர் குடித்தார், கண்ணெல்லாம் தண்ணீர். அன்றைக்குத் தண்ணீர் தூக்கியவன் நான் என்பதை அந்த இடத்தில் எடுத்துச் சொல்வது அழகாக இருக்காது என்று பேசாமல் நின்றேன். எனக்குக் கடைசிவரைக்கும் ஒருவரும் தரவில்லை.

வரும் வழியில் கடையில் ஒரு வான்கோழி வாங்கினோம். பவானி அக்கா அதைக் கறி வைத்தா. தும்பு தும்பாக இருந்தது, ஆனாலும் சட்டி வழித்துச் சாப்பிட்டோம். தகப்பனும் மகளும் விடாமல் கதைத்தார்கள். என்ன கலன், யார் மாமா, எந்தக் குளம், எவ்வளவு தூரம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னுடைய இங்கிலீஷ் அரைகுறையாக இருந்ததால் ஒரு குடும்பம் சேர்ந்தது என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் வந்தது.

அடுத்த நாள் காலை, அண்ணை வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, சிந்து படியில் வந்து உட்கார்ந்தாள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, இனிமேல் நான் போகலாம்," என்றாள். கோபத்தோடு போக மனம் வரவில்லையாம். அதனால்தான் மூன்று தரமும் பின்போட்டாளாம். இப்போது அந்தப் பாரம் இல்லையாம். அதை அவள் அவ்வளவு அன்பாகச் சொன்னதால் அண்ணையால் கத்த முடியவில்லை. தை மாதம் போனாள். படித்து, அங்கேயே வேலை எடுத்து, கலியாணம் கட்டி, நன்றாக இருக்கிறாள். பின்னேரம் பின்னேரம் தகப்பனோடு வீடியோவில் கதைக்கிறாள்.

அண்ணை அதற்குப் பிறகு வேட்டைக் கதை சொன்னதில்லை. நானாக மரையைப் பற்றிக் கேட்டும் பார்த்தேன். "அது நான் இல்லைத்தானே," என்று தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வன்னிக் காட்டில் பன்றிக்கு முன்னால் அசையாமல் நின்ற அந்த மனிதனை குட்மேய்ஸில் பிறகு ஒருவரும் காணவில்லை. எனக்கு அவனை நன்றாகப் பிடிக்கும். இன்றைக்கும் அவனைத் தேடுகிறேன்.

சில மாதம் கழித்து நான் வேறு வீட்டுக்குப் போன பிறகு, என் குசினிக் குழாய் ஒழுகியதென்று அண்ணையைக் கூப்பிட்டேன். தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. நான் டோர்ச் பிடித்தேன். ஒழுகிய இடத்தை இறுக்கிவிட்டு உள்ளேயிருந்து சொன்னார்:

"நான் சுட்டனான் எண்டே சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம், தம்பி. கோவத்தோட எண்டாலும் வீட்டில இருந்திருப்பாள்."